கறுப்பாக இருந்தால் கரிசல் ஆகிவிடுமா? ஒரு மண் வகையை இனங்காணும் முறை

2015ஆம் ஆண்டு முதல் உழவர்களுக்கு வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இடம்பெறுகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகளும் கந்தகமும், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய நுண்ணூட்டங்களும் சேர்ந்து ஒன்பது. கார அமில நிலை, மின்கடத்துத் திறன், அங்ககக் கரிமம் ஆகியவை மூன்று. எந்த உரத்தை எவ்வளவு இடலாம் என்று முடிவு செய்ய இவை உதவும். ஆனால் அந்த நிலத்தின் மண் எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அட்டையில் விடை இராது. கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு கரிசல் காட்டுக்கும், மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு செவக்காட்டுக்கும், சத்துகளைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே மாதிரியான அட்டை வந்துவிடக்கூடும். நல்ல மழை பெய்த மறுநாளோ செவக்காட்டில் ஏர் ஓட்டலாம். கரிசலில் இறங்கினால் வைத்த காலை எடுப்பதே பாடாக இருக்கும்.

அட்டை சொல்வது மேல் 15 செ.மீ. மண்ணின் அன்றைய சத்து இருப்பை. மண் வகை என்பது அதைவிட ஆழமான செய்தி. மேற்பரப்பிலிருந்து தாய்ப்பாறை வரை அந்த மண் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் விதம், ஆண்டு முழுவதும் நீரோடு அது நடந்துகொள்ளும் விதம், அந்த இடத்தில் அப்படியொரு மண் உருவானதற்கான காரணம் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இவற்றைக் கண்டறிய ஆய்வகப் பகுப்பாய்வு, வானிலைப் பதிவுகள், நில அமைப்பு என மூன்று வகைத் தரவுகள் தேவைப்படுகின்றன. இம்மூன்றில் எதையும் தனியாக வைத்துக்கொண்டு ஒரு மண்ணுக்குப் பெயர் வைத்துவிட முடியாது. அது ஏன் என்பதைத் தென் தமிழகத்துக் கரிசலைக் கொண்டே பார்க்கலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் பரந்து கிடக்கும் இந்த மண், பன்னாட்டு வகைப்பாட்டில் வெர்டிசால் என்னும் பிரிவில் வருகிறது.

முதலில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு நிறம் நல்ல துப்புதான், ஆனால் சான்று ஆகாது. கறுத்த மண்ணில் மட்கு நிறைய இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். கரிசலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். இருக்கிற கொஞ்ச மட்கும் களித் துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்வதால் மண் முழுவதும் கறுத்துத் தெரிகிறது. மறுபுறம், கண்மாயில் அள்ளிய கரம்பையும் கறுப்பாக இருக்கும். பழுப்பு நிறத்திலேயே இருக்கும் வெர்டிசால்களும் உண்டு. அமெரிக்க மண் வகைப்பாடு ஒரு காலத்தில் நிறத்தின் அடிப்படையிலேயே வெர்டிசால்களை உட்பிரித்தது. 1990களில் செய்த திருத்தத்தில் நிறத்தை ஒரு படி கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

குழியில் தெரிவது

ஆய்வகத்துக்குப் போகும் முன் நிலத்தில் ஒன்றரை மீட்டராவது ஆழமுள்ள குழி வெட்ட வேண்டும். கரிசலைக் கோடையில் வெட்டுவதே நல்லது, கடப்பாரைக்கு வேலை அதிகம் என்றாலும். மேலே உழவு பட்ட பகுதி பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே மண் பெரிய பெரிய கட்டிகளாக இறுகிக் கிடக்கும், அவற்றுக்கிடையே விரலை நுழைக்கும் அளவு வெடிப்புகள் ஒரு மீட்டர் வரைகூட இறங்கும். இன்னும் கீழே, ஏறக்குறைய அரை மீட்டரைத் தாண்டிய பிறகு, இந்த மண்ணின் முத்திரை தென்படும். கட்டியைக் கத்தியால் நெம்பிப் பிரித்தால் அது சாய்வாக, ஆப்பு வடிவில் பிளக்கும். பிளந்த முகம் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும், அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். மழைக்காலத்தில் மண் உப்பும்போது ஒரு கட்டி இன்னொன்றின் மேல் நெரித்துக்கொண்டு சறுக்கியதன் தடம் அது. மண்ணியலில் இதற்கு ஸ்லிக்கன்சைடு என்று பெயர்.

வெர்டிசால் என்று ஏற்க வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒரு மீட்டருக்குள் இத்தகைய சறுக்குத் தளமோ ஆப்பு வடிவக் கட்டிகளோ கொண்ட அடுக்கு குறைந்தது 25 செ.மீ. கனத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து 50 செ.மீ. வரை களித் துகள்கள் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வெடிப்புகள் காலமுறையில் திறந்து மூட வேண்டும். முதல் நிபந்தனையைக் குழியிலேயே பார்த்துவிடலாம். இரண்டாவது ஆய்வகத்தின் வேலை. மூன்றாவதை வானிலையைத் தொடாமல் தீர்மானிக்க முடியாது.

ஆய்வகத்தில் எண்களாக மாறும் மண்

குழியின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தனித்தனியே மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொள்கிறார்கள். களியின் அளவைக் காண்பதற்குள் மண்ணுக்குச் சில பக்குவங்கள் செய்தாக வேண்டும். துகள்களை ஒட்டிப் பிடித்திருக்கும் சுண்ணாம்பை நீர்த்த அமிலத்தாலும், மட்கை ஹைட்ரஜன் பெராக்சைடாலும் நீக்கிவிட்டு, சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஊறவைத்துக் கலக்கினால் துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கும். பிறகு இந்தக் கலவையை ஒரு லிட்டர் உருளைக் குடுவையில் ஊற்றிக் குலுக்கி நிறுத்துவார்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும்; வண்டல் மெல்ல இறங்கும்; 0.002 மி.மீ.க்கும் சிறியதான களி மணிக்கணக்கில் மிதக்கும். குடுவையில் மிதக்கவிட்ட, கலவையின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 40 நொடியிலும் பின்னர் சில மணி நேரம் கழித்தும் அளவு பார்த்து, மூன்றும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். நல்ல கரிசலில் களி 45 முதல் 60 விழுக்காடு வரை வருவது இயல்பு.

களி நிறைய இருந்தால் மட்டும் மண் வெடித்துவிடாது. எந்தக் களி என்பதே கேள்வி. கயோலினைட் என்னும் களிக் கனிமத்தின் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. அவற்றுக்கு நடுவே நீர் புக வழியில்லை. ஸ்மெக்டைட் வகைக் களியில் தகடுகளுக்கிடையிலான பிடிப்பு தளர்வானது. நீர் நுழைந்தால் விலகும், நீர் வெளியேறினால் நெருங்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய எக்ஸ் கதிர்ச் சோதனை உண்டு. ஸ்மெக்டைட்டை எத்திலீன் கிளைகாலில் ஊறவைத்தால் அதன் தகடு இடைவெளி 1.4 நானோமீட்டரிலிருந்து 1.7 நானோமீட்டர் அளவுக்கு விரியும், கயோலினைட் 0.7 நானோமீட்டரிலேயே நிற்கும்.

எக்ஸ் கதிர்க் கருவி இல்லாத இடத்தில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மண் தன் மேற்பரப்பில் எவ்வளவு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அயனிப் பரிமாற்றத் திறன் என்பார்கள். இதைக் களியின் விழுக்காட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக, கிலோவுக்கு 46 சென்டிமோல் பரிமாற்றத் திறனும் 52 விழுக்காடு களியும் உள்ள ஒரு கரிசல் மாதிரியை எடுத்துக்கொண்டால் விகிதம் 0.88. கிலோவுக்கு 9 சென்டிமோலும் 25 விழுக்காடு களியும் உள்ள ஒரு செம்மண்ணில் அது 0.36. விகிதம் 0.6ஐத் தாண்டினால் அங்கே ஸ்மெக்டைட் மிகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். என் பார்வையில், ஆய்வறிக்கை ஒன்றைக் கையில் வாங்கியதும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். அறிக்கையில் இந்த விகிதத்தை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை.

உப்புவதை நேரடியாக அளக்கவும் எளிய வழிகள் உண்டு. கட்டுமானப் பொறியாளர்கள் செய்யும் சோதனையில், நன்கு உலர்த்திச் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட்டுவைப்பார்கள். மண்ணெண்ணெய் களித் தகடுகளுக்குள் புகாது என்பதால் அதில் மண் உப்பாது. மண்ணெண்ணெயில் 11 மில்லிலிட்டரும் நீரில் 20 மில்லிலிட்டரும் மண் நின்றால், உப்பல் ஏறக்குறைய 82 விழுக்காடு. வீட்டுச் சுவரில் மூலைவாட்டாக வெடிப்பு விழும் ஊர்களில் அடித்தளம் போடுவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய சோதனை இது.

மண்ணியலார் செய்வது இன்னும் எளிது. மண்ணை நீர் விட்டுப் பசையாகக் குழைத்து, முனை வெட்டிய ஊசிக் குழலில் அடைத்து, குச்சி போலப் பிதுக்கி எடுக்கிறார்கள். ஈரமாக 10 செ.மீ. நீளம் இருந்த குச்சி உலர்ந்தபின் 9 செ.மீ. ஆனால், சுருங்கிய 1 செ.மீ.ஐ உலர்ந்த நீளத்தால் வகுக்க 0.11 கிடைக்கிறது. 0.06ஐத் தாண்டினால் மிகுதி, 0.09ஐத் தாண்டினால் மிக மிகுதி. செம்மண் குச்சியோ நீளத்தில் சொல்லும்படியாகக் குறையாது.

மற்ற அளவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். கரிசலின் கார அமில நிலை பொதுவாக 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்பு இருப்பதன் அடையாளம். கீழடுக்குகளில் அந்தச் சுண்ணாம்பு சுக்கான் கல்லாகவே திரண்டிருக்கும். கார நிலையும் சுண்ணாம்பும் ஆழம் போகப் போகக் கூடுகின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பொருள் பின்னால் வரும்.

வானிலை சொல்லும் பாதி

இதுவரை ஆய்வகம் சொன்னதெல்லாம் இந்த மண்ணால் என்ன முடியும் என்பதை மட்டும்தான். உப்பவும் சுருங்கவும் வல்ல களி, ஆண்டு முழுவதும் ஈரத்திலேயே இருந்தால் வெடிக்காது. நனையாமலே கிடந்தால் உப்பாது. நனைதலும் காய்தலும் மாறி மாறி வந்தால்தான் வெடிப்பும் சறுக்குத் தளமும் உருவாகும்.

கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. அளவில் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுவதால் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்கிறது. வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஆண்டுக்கு உறிஞ்சிக்கொள்ளக் கூடிய நீரோ 1,600 மி.மீ.க்கும் மேல். மழையை இந்தத் தேவையால் வகுத்தால் 0.4ஐ ஒட்டி வரும், 0.2க்கும் 0.5க்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை அரை வறட்சிப் பகுதி என்று வகைப்படுத்துகிறார்கள்.

ஆண்டுச் சராசரி நமக்கு அதிகம் உதவாது. மாதவாரியாக வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். தார்ன்த்வெயிட் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் 1948இல் இதற்கொரு முறையை வகுத்துக் கொடுத்தார். அதன் சாரத்தை எளிமையாக்கிய கற்பனை எண்களில் பார்ப்போம். அக்டோபரில் மழை 180, தேவை 130. மிச்சம் 50 மி.மீ. மண்ணுக்குள் சேர்கிறது. நவம்பரில் மழை 180, தேவை 110. இருப்பு 120 ஆகிறது. டிசம்பரில் மழை 70, தேவை 110. இருப்பு 80ஆகக் குறைகிறது. ஜனவரியில் மழை 20, தேவை 120. அந்த மாதம் 100 மி.மீ. இருப்பிலிருந்து எடுக்க வேண்டும், இருப்பதோ 80. ஆகவே ஜனவரி 25 வாக்கில் கரிசல் வறண்டுவிடும்.

இதே மழையை ஆழமில்லாத செம்மண்ணில் பெய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணின் கொள்ளளவு மொத்தமே 60 மி.மீ. என்றால், நவம்பரில் மீதமாகும் நீரில் பெரும்பகுதி வழிந்தோடிவிடும். டிசம்பரில் 40 செலவாகி 20 மிஞ்சும். ஜனவரி முதல் வாரத்திலேயே பயிர் வாடத் தொடங்கும். வானம் ஒன்றுதான், ஆனால் செவக்காட்டுப் பயிரைவிடக் கரிசல் பயிருக்கு இரண்டரை வாரத்துக்கும் மேலாகக் கூடுதல் நாள் கிடைக்கிறது. பருத்திக்கும் மல்லிக்கும் கொண்டைக்கடலைக்கும் அந்த நாள்கள்தான் மகசூல். மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவைக்கும் வழக்கம் கரிசல் சீமையில் நிலைத்திருப்பதற்கும் இதுவே விளக்கம்: நனைந்துவிட்டால் நிலத்துக்குள் இறங்க முடியாது, இறங்கக் காத்திருந்தால் பருவம் போய்விடும்.

பிப்ரவரிக்குப் பிறகு அடுத்த பருவமழை வரை, இடையில் விழும் கோடை மழையைத் தவிர்த்தால், வெடிப்புகள் திறந்தே கிடக்கும். வகைப்பாட்டு விதிப்படி, பாசனம் இல்லாத நிலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 90 நாளோ அதற்கு மேலோ வெடிப்பு திறந்திருந்தால் அந்த வெர்டிசால் அஸ்டெர்ட் என்னும் உட்பிரிவில் சேரும். மண்ணைச் சோதித்த ஆய்வகம் எதுவாக இருந்தாலும், அந்த 90 நாளை அதனால் அளந்து தர இயலாது என்பதைக் கவனிக்க வேண்டும். வெடிப்பை ஆண்டு முழுவதும் நிலத்தில் நின்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் நீண்ட கால மழைப் பதிவிலிருந்து மேலே கண்டது போன்ற கணக்கின் வழியாக மதிப்பிட வேண்டும்.

பாசால்ட் இல்லாத ஊரில் கரிசல் எப்படி வந்தது?

பள்ளிப் பாடத்தில் கரிசல் மண் தக்காணத்து எரிமலைப் பாறையான பாசால்ட்டிலிருந்து உருவானது என்று படித்திருப்போம். மகாராட்டிரத்துக்கு அது பொருந்தும். தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் அந்தப் பாறை கிடையாது. இங்கே அடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் என்னும் உருமாறிய பாறை வகைகள். அதே வகைப் பாறையின் மேல்தான் செவலும் உட்கார்ந்திருக்கிறது. மண் உருவாவதைத் தாய்ப்பாறை, காலநிலை, உயிரினங்கள், நில அமைப்பு, காலம் என்னும் ஐந்து காரணிகளின் விளைவாக 1941இல் விளக்கியவர் ஹான்ஸ் ஜென்னி. பாறையும் காலநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடத்தில் மண் மாறினால், நாம் முதலில் சந்தேகப்பட வேண்டியது நில அமைப்பை.

மேட்டில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை சிதைவதால் வெளிவரும் சிலிக்காவையும் கால்சியம், மக்னீசியம் போன்ற காரங்களையும் கரைத்துக்கொண்டு பள்ளத்தை நோக்கி நகர்கிறது. மேட்டில் எஞ்சுவது இரும்பு ஆக்சைடும் கயோலினைட்டும்; நிறம் சிவப்பு. பள்ளத்தில் அந்த நீர் தேங்குகிறது, மேலிருந்து அரித்து வரும் நுண்துகள்களும் அங்கேயே படிகின்றன. சிலிக்காவும் மக்னீசியமும் செறிந்து, வடிகால் மந்தமாக உள்ள அந்தச் சூழல் ஸ்மெக்டைட் உருவாகவும் நிலைக்கவும் ஏற்றது. ஆண்டுக்கு 3,000 மி.மீ. மழை பெறும் மலையின் மேற்குச் சரிவில் இது நடக்காது. அங்கே காரங்களையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போய்விட, செம்பூரான் மண்ணே மிஞ்சுகிறது.

ஆகவே நில அமைப்புத் தரவில் தேட வேண்டியவை சில: சரிவு எத்தனை விழுக்காடு, இந்த இடத்துக்கு மேலிருந்து எவ்வளவு பரப்பின் நீர் வந்து சேர்கிறது, சேர்ந்த நீர் எங்கே போகிறது. செயற்கைக்கோள் தரும் 30 மீட்டர் நுணுக்கமுள்ள உயரத் தரவு இன்று இலவசமாகக் கிடைப்பதால் இவற்றைக் கணினியிலேயே கணக்கிடலாம். கரிசல் பெரும்பாலும் 3 விழுக்காட்டுக்கும் குறைந்த சரிவில்தான் இருக்கும். ஆனால் படத்தில் தட்டையாகத் தெரிவதெல்லாம் கரிசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆற்று மணலும் தட்டையாகத்தான் கிடக்கும். சங்கரன்கோவில் பக்கம் போலச் செவலும் கரிசலும் கலந்து வரும் இடங்களில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு கோடு பிடித்து, இடைவெளி விட்டுத் துளைக்கருவியால் மண் எடுத்துப் பார்த்துக்கொண்டே போவதுதான் எல்லையைக் காணும் நம்பகமான வழி.

மூன்றையும் சேர்த்துப் படித்தல்

ஒரு முழுப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் எந்தத் தரவு எங்கே புகுந்தது என்பது விளங்கும். டிபிக் ஹாப்லஸ்டெர்ட் என்ற பெயரில், வெர்டிசால் என்பதைச் சொல்லும் ‘எர்ட்’ என்ற பகுதி குழியிலிருந்தும் களி அளவிலிருந்தும் வந்தது. அஸ்ட் என்ற அசை வானிலையிலிருந்து வந்தது. சுண்ணாம்பு அடுக்கு, உப்பு, சோடியம் ஆகியவை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டவில்லை என்பதைப் பெயரின் மீதிப் பகுதி சொல்கிறது. நில அமைப்புக்கு இந்தப் பெயரில் இடமில்லை. அது மண் தொடர் என்னும் கடைசிப் படியிலும் வரைபடத்திலும் வருகிறது. மண் தொடருக்கு அது முதலில் விவரிக்கப்பட்ட ஊரின் பெயரையே வைப்பார்கள். கோவைப் பகுதிக் கரிசலுக்குப் பீளமேடு தொடர் என்றும், அங்குள்ள செம்மண்ணுக்கு இருகூர் தொடர் என்றும் பெயர். வரைபடத்தில் அதே தொடரைச் சரிவு, அரிப்பு ஆகியவற்றைக் கொண்டு மேலும் பிரித்துக் காட்டுவார்கள்.

தனித்தனியே படித்தால் தவறிப்போகும் ஓர் எண்ணையும் பார்த்துவிடலாம். ஒரு கரிசல் குழியில், பரிமாற்ற அயனிகளில் சோடியத்தின் பங்கு மேலடுக்கில் 2 விழுக்காடாகவும் ஒரு மீட்டர் ஆழத்தில் 8 விழுக்காடாகவும் இருப்பதாகக் கொள்வோம். 15 விழுக்காட்டைத் தொட்டால்தான் களர் என்பது பொது விதி. ஆகவே அறிக்கையில் குறை ஏதும் இல்லை என்றே முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஸ்மெக்டைட் மிகுந்த மண்ணில் 15ஐ எட்டும் முன்பே களி சிதறி, நீர் இறங்கும் நுண்துளைகள் அடைபடத் தொடங்கும். சோடியம் ஏன் ஆழத்தில் ஏறுகிறது என்பதற்கு விடை வானிலையில் இருக்கிறது: வறண்ட மாதங்களில் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து கரைசலை விட்டு விலகிவிட, அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. ஆழம் போகப் போகக் கார நிலையும் சுண்ணாம்பும் கூடுவது இதற்கு உடன் நிற்கும் சாட்சி. மேட்டு நிலங்களிலிருந்து வடிந்து வரும் நீரும் தன் பங்குக்குச் சோடியத்தைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும்.

இதற்கு ஜிப்சம் இடலாம் என்பது வழக்கமான பரிந்துரை. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைக் களியிலிருந்து இடம்பெயர்க்கும் என்பது உண்மை. இடம்பெயர்ந்த சோடியம் நீரோடு வெளியேற வழி வேண்டுமே. மேட்டில் சரிந்து கிடக்கும் நிலத்தில் அது வடிந்துவிடும். நான்கு பக்கமும் நீர் வந்து சேரும் பள்ளத்து நிலத்தில் வாய்க்கால் வெட்டி வடிகால் அமைக்காமல் ஜிப்சம் இட்டால், போட்ட பணம் மண்ணோடு போகும். எனவே மூட்டைக் கணக்கு எழுதும் முன், அந்த நிலத்து நீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று சரிவு வரைபடத்தையும், முடிந்தால் ஒரு மழை நாளில் நிலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.